இருபது கணக்கும் ஒரு வாரக் கணக்கும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்புவரை கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள், இயற்கணிதம் வந்ததிலிருந்து கைடைப் பார்த்து எழுதுகிறாள். தினமும் இருபது கணக்கு வீட்டுப்பாடம். வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர் ஒரு வாரக் கணக்கு கொடுத்து, அடுத்த வெள்ளிக்குள் போட்டு வரச் சொல்கிறார். அதைப் பிள்ளை ஃபோனில் படம் பிடித்து, வரும் விடையை நோட்டில் இறக்கிவிடுகிறாள். இளையவன் ஏழாம் வகுப்பு. அவனுக்கும் இதே கதி வந்துவிடுமோ என்ற பயம். "நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அவர்கள் அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். மார்த்தாண்டத்தில் டியூஷனுக்கு அனுப்பவா, வீட்டில் எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?" என்பது கேள்வி.

இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்தவன் நான். உங்களால் முடியும் அம்மா. டியூஷனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது சின்ன விஷயம்.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள். ஒருவர் இரண்டு தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுகிறார். இரண்டிலும் சேர்த்து 520 மரம். இரண்டாவது தோட்டத்தில் 40 மரம் கூடுதல். முதல் தோட்டத்தில் எத்தனை? அவர் பேனா தேட மாட்டார். "அந்த 40ஐத் தள்ளிவிட்டால் 480, அதில் பாதி 240" என்பார். மகள் நோட்டில் எழுத வேண்டியதும் இதுதான்:

க + க + 40 = 520
2க = 480
க = 240

அப்பா வாயால் சொன்னதை மகள் எழுத்தால் சொல்கிறாள். நாற்பதைத் தள்ளியது இரண்டாம் வரி, பாதியாக்கியது மூன்றாம் வரி. இந்த இரண்டும் ஒன்றுதான் என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பள்ளியில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. "இந்தப் பக்கம் கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல்" என்று ஒரு மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படிப் போயிருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் நான் க போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே போட்டதுதான். மகளையும் ஒருநாள் எல்லாக் கணக்கையும் க, த, ப என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ் என்ற எழுத்திடம்தான் ஏதோ வித்தை இருக்கிறது என்று பயப்படும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் அப்பா இதைப் பீஜகணிதம் என்பார். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பு திருவிதாங்கூர்ப் பள்ளியில் மலையாளத்தில் படித்தவர் அவர். பீஜம் என்றால் விதை. முளைத்த பிறகு என்னவாகும் என்று விதையைப் பார்த்தே சொல்லும் கணக்கு என்று அவராகவே ஒரு விளக்கமும் வைத்திருந்தார். சரியான விளக்கமா தெரியாது, எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இனி, எட்டாம் வகுப்புவரை படித்த தாய் தினமும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. மகள் எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் "இதில் க என்றால் என்ன?" என்று கேளுங்கள். "மரம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "முதல் தோட்டத்தில் இருக்கும் மரங்களின் எண்ணிக்கை" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். நச்சரிப்பு போலத் தோன்றும். ஆனால் எழுத்து ஒரு பொருளைக் குறிக்கிறது என்று நினைக்கும் பிள்ளை எங்கே போய் இடறும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வள்ளத்துக்கு ஆறு பேர் கடலுக்குப் போகிறார்கள். வள்ளங்களின் எண்ணிக்கை வ, ஆட்களின் எண்ணிக்கை ஆ. இரண்டுக்கும் உள்ள உறவை எழுது என்றால், வகுப்பில் பாதிப் பேர் 6ஆ = வ என்று எழுதுவார்கள். "ஆறு ஆள், ஒரு வள்ளம்" என்று காதில் கேட்டதை அப்படியே எழுத்தாக்கிவிடுகிறார்கள். பத்து வள்ளம் என்று வைத்துப் பார்த்தால் ஆட்கள் அறுபது; அப்படியானால் ஆ = 6வ. அமெரிக்காவில் பொறியியல் படிக்கச் சேர்ந்த மாணவர்களிடமே இதே மாதிரிக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதினார்கள், அவர்களில் பெரும்பாலோர் இப்படித் தலைகீழாகத்தான். எனவே உங்கள் மகள் தவறினால் அவளை மண்டு என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் எண்ணை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், தானே திருத்திக்கொள்வாள்.

அடுத்தது சமக்குறி. மகளுடைய நோட்டைப் புரட்டுங்கள். இந்த மாதிரி ஒரு வரி கண்ணில் படும்:

240 + 40 = 280 + 240 = 520

விடை சரி, வரி தவறு. 240ம் 40ம் சேர்ந்தால் 520 என்கிறது இந்த வரி. பிள்ளை சமக்குறியை "அடுத்து வருவது" என்ற பொருளில் போட்டிருக்கிறாள், கால்குலேட்டரில் கடைசியாக அழுத்தும் பொத்தான் மாதிரி. ஆறாம் வகுப்புவரை இதனால் ஒரு கேடும் வராது. அதனால்தான் அதுவரை நன்றாக இருந்தவர்கள் எட்டு, ஒன்பதில் திடீரென்று விழுகிறார்கள். உங்கள் மகளுடைய கதையும் இதுவாக இருக்கலாம். இந்தக் குறியை 1557இல் முதலில் அச்சில் போட்டவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ்காரர். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அவர் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவற்றைவிட ஒன்றுக்கொன்று சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்பது. வீட்டில் சந்தைத் தராசு ஒன்று இருந்தால் போதும், இதைப் பேசாமலே காட்டிவிடலாம். ஒரு தட்டிலிருந்து எடுத்தால் மற்றத் தட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். அந்த "பக்கம் மாறினால் குறி மாறும்" மந்திரத்தின் உள்ளே இருப்பது இந்தத் தராசுதான்.

ஒன்பதாம் வகுப்பில் முற்றொருமைகள், அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும் சமன்பாடுகள், தலைவலி கொடுக்கும். (அ + ஆ)² என்றால் அ² + ஆ² என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. திருத்திச் சிவப்பு மையால் எழுதினாலும் அடுத்த வாரம் அதே தவறு வரும். கண்ணுக்கு ஒரு படம் வேண்டும். வரிசைக்குப் பத்து வீதம் பத்து வரிசை தென்னை நிற்கும் தோப்பை நினைக்கச் சொல்லுங்கள்: 100 மரம். கிழக்கே இரண்டு வரிசையும் தெற்கே இரண்டு வரிசையும் கூட்டிச் சதுரமாகவே வைக்கிறீர்கள். இப்போது 12க்கு 12, அதாவது 144. பழைய நூறோடு இரண்டின் வர்க்கம் நான்கைச் சேர்த்தால் 104தான் வருகிறது. மிச்சம் 40 மரம் எங்கே? மகள் மண்ணில் ஒரு குச்சியால் வரைந்து பார்க்கட்டும். கிழக்கே 20, தெற்கே 20, தென்கிழக்கு மூலையில் 4. அந்த இரண்டு இருபதுதான் 2அஆ. மூலையில் நிற்கும் நாலு தென்னையை மட்டும் எண்ணிவிட்டு இரண்டு பக்கத்து நாற்பதையும் மறந்தால் தேங்காய் வெட்டுகிறவரே கேள்வி கேட்பார்.

கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறி வந்தால் நடக்கும் குழப்பத்துக்குக் கடனைவிட நல்ல உதாரணம் கிடையாது. பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதியபோதே நேர் எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும்தான் சொன்னார். பலசரக்குக் கடைக்காரர் உங்கள் பற்றுக் கணக்கில் 300 ரூபாயை அடித்துவிட்டால் உங்களுக்கு 300 லாபம். −(−300) என்பது அவ்வளவுதான்.

இருபது கணக்கு விஷயம். ஒரே பயிற்சியிலிருந்து ஒரே மாதிரி இருபது கணக்குப் போட்டால், மூன்றாவதுக்குப் பிறகு கை ஓடும், மூளை தூங்கும். மீதித் தேற்றம் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று யோசிக்க ஒன்றுமே இல்லை. பரீட்சைத் தாளில் தலைப்பு இருக்காது. ஆகவே பிள்ளையின் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். குறை சொல்லும் தோரணையில் போகாதீர்கள். "சார், இவள் இருபதையும் பார்த்து எழுதுகிறாள். எட்டுக் கணக்கைச் சொந்தமாகப் போட்டுக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். நோட்டுத் திருத்தும் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த எட்டில் நாலு இன்றைய பாடம், இரண்டு போன வாரத்துடையது, இரண்டு ஓணத்துக்கு முன்பு நடத்திய ஏதோ ஒரு பாடம் என்று கலந்து இருக்கட்டும். பழைய கணக்கு மறந்துபோயிருக்கும், திட்டிக்கொண்டேதான் போடுவாள். மறந்ததைத் தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் மனத்தில் நிற்க வைக்கிறது. வீட்டில் அழிரப்பரை மட்டும் ஒளித்து வையுங்கள். தவறான வரியின் மேல் ஒரு கோடு போட்டால் போதும். அழித்துவிட்டால், எங்கே வழி தவறினாள் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும், அவளுக்கும்.

இப்போது வாரக் கணக்குக்கு வருகிறேன். அப்படி ஒரு கணக்குக் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்ததற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். ஹங்கேரியில் 1894இல் டானியல் அரானி என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்காகக் கணக்கு இதழ் ஒன்றைத் தொடங்கினார். இதழில் வரும் கணக்குகளைப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தபாலில் விடை அனுப்புவார்கள். நன்றாகப் போட்டவர்களின் படத்தையும் இதழில் வெளியிட்டார்கள். பால் ஏர்டோஷ் போன்ற பெரிய கணித மேதைகள் சிறு வயதில் அப்படி விடை அனுப்பியவர்கள்தான். ஒரு சின்ன நாட்டில் அத்தனை கணிதக்காரர்கள் எப்படித் தோன்றினார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த இதழைத்தான் பலரும் காட்டுகிறார்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வசதி அவகாசம். இன்றே விடை வேண்டும் என்று யாரும் நெருக்கவில்லை.

நான் வகுப்பில் கொடுத்த வாரக் கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும், கோயில் காலண்டரோ சர்ச் காலண்டரோ எதுவானாலும் சரி. கிழமைகள் மேலே குறுக்காக இருக்க வேண்டும். அதில் இரண்டுக்கு இரண்டாக நாலு தேதியைச் சுற்றிக் கட்டம் போடு. 9, 10, அவற்றின் கீழே 16, 17. இப்போது மூலைக்கு மூலை பெருக்கு. 10 × 16 = 160. 9 × 17 = 153. வித்தியாசம் 7. வேறு இடத்தில் கட்டம் போடு. மறுபடியும் 7. இது ஏன்?

கடற்கரை ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன், கணக்கில் சுமாரானவன், திங்கள்கிழமை காலையில் இரண்டு பக்கம் நிறையக் கட்டங்களோடு வந்தான். கீழே பெரிய எழுத்தில் "எப்போதும் 7" என்று எழுதியிருந்தான். "எப்போதும் என்று உனக்கு எப்படி மக்களே தெரியும்?" என்று கேட்டேன். "வீட்டில் இருந்த காலண்டர் முழுக்கப் போட்டுவிட்டேன் சார்." "அடுத்த வருஷக் காலண்டர்?" "அது இன்னும் அடிக்கவில்லையே சார்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் இயற்கணிதம் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல வாசலை நான் திறந்திருக்க முடியாது. அச்சடிக்காத காலண்டருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் எண்ணை விட்டுவிட்டு எழுத்துக்கு வர வேண்டும். முதல் தேதி அ. பக்கத்தில் அ + 1. கீழே ஒரு வாரம் தள்ளி அ + 7, அதன் பக்கத்தில் அ + 8. அவனாகவே இதுவரை வந்துவிட்டான், புதன்கிழமை ஆகியிருந்தது. வியாழக்கிழமை பெருக்கினான்:

(அ + 1)(அ + 7) = அ² + 8அ + 7
அ(அ + 8) = அ² + 8அ

கழித்தால் 7 மட்டும் மிஞ்சுகிறது, அ காணாமல் போய்விடுகிறது. எந்தத் தேதியில் தொடங்கினால் என்ன என்று அந்த அ தானே விலகிக்கொள்கிறது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் நான்கு மூலைகளை எடு என்றேன். 28 வந்தது. நாலுக்கு நாலு போட்டால் 63. 7, 28, 63: இவை 7 × 1, 7 × 4, 7 × 9 என்று ஒரு பெண் கண்டுபிடித்தாள். அப்படியானால் ஐந்துக்கு ஐந்தில் 7 × 16 = 112 வர வேண்டும். ஆனால் ஐந்துக்கு ஐந்து கட்டம் எந்த மாதத்திலும் போட முடியாது. முதல் மூலை 1ஆம் தேதி என்றாலும் கடைசி மூலை 33ஆம் தேதி. காலண்டரில் இடமே இல்லாத கட்டத்துக்கும் எழுத்து விடை சொல்லிவிட்டது. 33ஆம் தேதி வரை போகும் ஒரு காலண்டரை அவர்களே நோட்டில் வரைந்து சரிபார்த்தார்கள்.

உங்கள் வீட்டில் இந்தக் கணக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சேரும். ஏழாம் வகுப்புக்காரன் எண்களைப் போட்டு 7, 28 என்று கண்டுபிடிக்கட்டும். அக்கா ஏன் என்று எழுத்தில் எழுதட்டும். தம்பிக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு நிபந்தனை. காகிதத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தினமும் பத்து நிமிடம் அதன் முன்னால் நின்றால் போதும். இரண்டு நாள் ஒன்றும் ஓடாவிட்டால் பரவாயில்லை. மழைக்கு ஆட்சியர் விடுமுறை விடும் நாளில் திடீரென்று ஓடும்.

அந்தப் படம் பிடித்தால் விடை தரும் செயலியைப் பிடுங்கி வைக்க வேண்டாம். பிடுங்கினால் தோழியின் ஃபோனில் பார்ப்பாள். ஒரு விதி மட்டும் போடுங்கள்: விடையை எழுதி முடித்த பிறகுதான் சரிபார்க்க அதைத் திறக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, அது எனக்கு அதிகம் பிடிக்கும். வாரம் ஒருமுறை அவளே ஒரு கணக்கை உண்டாக்க வேண்டும், அதுவும் நம் ஊர்க் கணக்காக. திருவள்ளுவர் சிலையையே எடுத்துக்கொள்ளலாம். பீடமும் சிலையும் சேர்ந்து 133 அடி, சிலை பீடத்தைப்போல் இரண்டரை மடங்கு, பீடம் எவ்வளவு? மூன்றரை மடங்கு 133 என்றால் ஒரு மடங்கு 38. அறத்துப்பாலின் 38 அதிகாரமும் அங்கே வந்து நிற்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்தை 28 தூண்கள் தாங்குகின்றன. முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை எத்தனை இடைவெளி? 28 என்று சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளாதவர் குறைவு. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து ஒன்று: மூன்று கிலோ பிச்சியும் இரண்டு கிலோ மல்லியும் 2,900 ரூபாய், இரண்டு கிலோ பிச்சியும் மூன்று கிலோ மல்லியும் 3,100 ரூபாய், கிலோ என்ன விலை? ஒன்பதாம் வகுப்பு முறைப்படி நீக்கல் முறையில் போடலாம். பூக்காரம்மா வேறு மாதிரி போடுவார். இரண்டையும் கூட்டினால் ஐந்து கிலோ பிச்சியும் ஐந்து கிலோ மல்லியும் 6,000, அப்படியானால் ஒரு கிலோ வீதம் இரண்டும் 1,200. கழித்துப் பார்த்தால் மல்லி 200 ரூபாய் அதிகம். எனவே மல்லி 700, பிச்சி 500. இரண்டு வழியையும் எழுதி, எது சுருக்கம் என்று அவளையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள்.

டியூஷன்: வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மார்த்தாண்டம் போய்வர பஸ்ஸில் கழியும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அங்கேயும் இதே இருபது கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்கள் என்றால் பணம் வீண். பிள்ளைகள் எழுந்து நின்று "எனக்கு இந்த வரி விளங்கவில்லை" என்று சொல்லும் இடமாக இருந்தால் அனுப்புங்கள். ஒருநாள் வாசலில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும்.

இளையவனுக்கு அடுத்த வருடம் ஒரு வாய்ப்பு வரும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்தால், எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தேர்வு எழுதலாம். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு, தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை வருடத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதில் ஒரு தாள் முழுக்க யோசிக்கும் திறனைச் சோதிப்பது. காலண்டர்க் கணக்கு மாதிரி விஷயங்களில் பழகியவனுக்கு அது பயமாக இருக்காது. தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கணக்கில் ருசி வந்துவிட்டால், சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் திறன்தேர்வும் இருக்கிறது. அதற்கு அவசரமில்லை.

முதல் வாரத்துக்குக் காலண்டர். அடுத்து வரும் சக்கை (பலாப்பழம்) பருவத்துக்கு ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் ஒரு வெண்பா உண்டு. சக்கையை வெட்டாமலே சுளையை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியிருக்கும் சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. எழுத்தில் போட்டால் சு = 6மு ÷ 5. எக்ஸ் என்ற எழுத்தைக் காணாமலே நம் ஆட்கள் எழுதி வைத்த சூத்திரம். உங்கள் வீட்டுப் பின்புறம் கட்டாயம் ஒரு சக்கை மரம் நிற்கும். பிள்ளைகள் முள்ளை எண்ணி எழுதட்டும், பிறகு வெட்டிச் சுளையை எண்ணட்டும், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு. நான் இதுவரை மூன்று சக்கையில் பார்த்தேன், ஒன்றுகூட ஒத்துவரவில்லை. காம்பருகே எந்த முள்வரை எண்ண வேண்டும் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தகராறு. உங்கள் வீட்டில் என்ன வந்தது என்று மகளையே எழுதச் சொல்லுங்கள்.